ஒன்பது இலக்கப் பெயர்: அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண்ணின் வரலாறு

பெயர்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் எனப் பகுத்து உரைத்தல் தமிழிலக்கண மரபு. ஒன்றனைப் பிறவற்றினின்றும் வேறுபிரித்து அறிதற்கு இடப்படுவதே பெயர். அஃது அப்பொருளின் இயல்பு பற்றி அமைதலும் உண்டு. காரணமின்றி இடப்படுதலும் உண்டு. இக்காலத்து அரசுகள் தம் குடிமக்களுக்கு வழங்கும் அடையாள எண்களும் ஒருவகைப் பெயர்களே. அவை அன்றாட வாழ்வின் பல துறைகளிலும் புகுந்தமையால் மக்களின் தனியுரிமைக்கு ஊறு நேர்ந்த வரலாற்றை, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சமூகப் பாதுகாப்பு எண்ணைக்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

எண்ணின் தோற்றம்

1935 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14 ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசுவெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். தொழிலாளி ஒருவர் தம் வாழ்நாளில் ஈட்டிய ஊதியத்தைக் கணக்கிட்டு, முதுமையில் ஓய்வூதியம் அளித்தல் அச்சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. ஒரே பெயருடையார் பல்லாயிரவர் உள்ள நாட்டில் பெயரளவில் கணக்கு வைத்தல் இயலாது. திருமணத்தால் பெயர் மாறுவோரும் உளர். ஆதலின் கணக்கு ஒவ்வொன்றிற்கும் ஓர் எண் வேண்டப்பட்டது. 1936 ஆம் ஆண்டு நவம்பரில் அஞ்சல் நிலையங்களின் வாயிலாக எண் வழங்கும் பணி தொடங்கியது.

ஒன்பது இலக்கங்களுள் முதல் மூன்றும் நிலப்பகுதியைக் குறித்தன. நடுவண் இரண்டும் தொகுதியைக் குறித்தன. இறுதி நான்கும் வரிசையைக் குறித்தன. எனவே, இவ்வெண் தொடக்கத்தில் முழுமையான இடுகுறியன்று. இடம் பற்றிய காரணத்தையும் தன்னுள் கொண்டிருந்தது. இவ்வமைப்பு பிற்காலத்தில் விளைத்த தீங்கு பின்னர்க் கூறப்படும்.

மக்களின் அச்சம் எண்ணுடன் உடன்பிறந்ததாகும். 1936 ஆம் ஆண்டுத் தேர்தலில், தொழிலாளர் கழுத்தில் எண் பொறித்த தகடு அணிவிக்கப்படும் என எதிர்க்கட்சியினர் பரப்புரை செய்தனர். அவ்வச்சத்தைப் போக்கவேண்டிய நிலையில் இருந்த வாரியம், 1937 ஆம் ஆண்டு சூன் திங்களில் வெளியிட்ட தன் முதல் ஒழுங்குவிதியிலேயே பதிவேடுகள் மறைவாகக் காக்கப்படும் என உறுதி கூறியது. 1946 முதல் அட்டையின் அடியில், இது சமூகப் பாதுகாப்பிற்கே உரியது, ஆளடையாளத்திற்கு அன்று என்னும் பொருள்பட ஒரு தொடரும் அச்சிடப்பட்டது. 1972 இல் புதிய அட்டைகளினின்றும் அத்தொடர் நீக்கப்பட்டது. அவ்விருபத்தாறு ஆண்டுகளில் நிகழ்ந்தது யாது என்பதே வரலாற்று மாணாக்கர் வினவுதற்குரியது.

பயன்பாடு விரிந்த முறை

அரசு மக்களைக் கண்காணிக்கக் கருதியே எண்ணைப் பரப்பியது என்பார் உளர். சான்றுகள் அக்கருத்தை முழுதும் வலியுறுத்தவில்லை. 1943 ஆம் ஆண்டு நவம்பரில் ரூசுவெல்ட் பிறப்பித்த 9397 ஆம் ஆணை, கூட்டரசின் துறைகள் தனிமனிதர்க்குப் புதிய கணக்கெண் முறை அமைக்குங்கால் சமூகப் பாதுகாப்பு எண்ணையே பயன்படுத்துக என்றது. அதன் காரணமாகக் கூறப்பட்டன சிக்கனமும் நிருவாக ஒழுங்குமே. ஆயினும், அவ்வாணை ஏறத்தாழ இருபது ஆண்டு பெரிதும் வழக்கிற்கு வாராது கிடந்தது.

கணிப்பொறி அரசு அலுவலகங்களுள் புகுந்தபின்னரே அது உயிர்பெற்றது. 1961 இல் கூட்டரசு ஊழியர்க்கும், அடுத்த ஆண்டில் வரி செலுத்துவோர்க்கும் அவ்வெண்ணே அடையாளமாயிற்று. 1969 இல் தரைப்படையும் வான்படையும் தம் பழைய பணியெண்களைக் கைவிட்டு இதனை ஏற்றன. வங்கிகளும், பல்கலைக்கழகங்களும், காப்பீட்டு நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. ஒவ்வொரு துறையும் தன் செலவைக் குறைக்கவே எண்ணியது; எல்லாத் துறைக்கும் ஓர் எண் என முடிவுசெய்தார் ஒருவரும் இலர். ஒருவரும் முடிவு செய்யாமையின் ஒருவரும் தடுக்கவும் இயலாதாயிற்று.

எண்ணால் விளைந்த நன்மையையும் மறைத்தல் நடுநிலையாகாது. சார்ந்து வாழும் சிறாரை வரிக்கணக்கில் காட்டுவோர் ஐந்து வயது நிறைந்தார்க்கு எண் குறித்தல் வேண்டும் என்னும் விதி 1987 ஆம் ஆண்டுக் கணக்கிற்கு நடைமுறைக்கு வந்தபோது, அவ்வாறு காட்டப்பெற்றோர் தொகை ஏறத்தாழ 70 இலட்சம் குறைந்தது. இல்லாத பிள்ளைகளும் இருமுறை கணக்கிடப்பட்ட பிள்ளைகளும் ஏட்டினின்று மறைந்தமை இதற்குப் பெருங்காரணம் என்பர்.

சட்டத்தின் தடை

1973 இல் நலவாழ்வு, கல்வி, நலத்துறையின் ஆய்வுக்குழு, இவ்வெண்ணை நாட்டின் பொது அடையாளமாக்குதல் தகாது என அறிக்கை அளித்தது. அதனையொட்டி எழுந்த 1974 ஆம் ஆண்டுத் தனியுரிமைச் சட்டம், எண்ணைக் கூற மறுத்தமைக்காக அரசு அலுவலகம் எதுவும் ஒருவருக்குரிய உரிமையையோ நலனையோ மறுத்தல் ஆகாது என்றது. எண்ணைக் கேட்கும் அலுவலகம், அது கட்டாயமா விருப்பமா என்பதையும், எச்சட்டத்தின்படி, எப்பயன் கருதிக் கேட்கின்றது என்பதையும் கூறுதல் வேண்டும் என்றும் விதித்தது.

எனினும் அச்சட்டத்தில் இரு குறைகள் இருந்தன. 1975 சனவரிக்கு முன்னரே சட்டத்தாலோ ஒழுங்குவிதியாலோ எண்ணைக் கேட்டுவந்த அமைப்புகளுக்கு அது விலக்களித்தது. தனியார் நிறுவனங்களை அது கட்டுப்படுத்தவில்லை. 1976 இல் மாநிலங்கள் வரி, பொது உதவி, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றிற்கு எண்ணைப் பயன்படுத்த மற்றொரு சட்டம் இடங்கொடுத்தது. முன்வாயிலை அடைத்தவர்களே பக்கவாயிலைத் திறந்தனர் எனலாம்.

பெயரும் திறவுகோலும்

1938 இல் நியூயார்க்கு மாநிலத்து நிறுவனம் ஒன்று, தான் செய்த பணப்பைகளில் மாதிரி அட்டை ஒன்றை வைத்து விற்றது. அதில் அச்சிட்ட எண், அந்நிறுவன அலுவலர் ஒருவரின் செயலாளர்க்கு உரிய உண்மை எண். அட்டை அளவிற் சிறியது. மாதிரி என்றும் குறிக்கப்பட்டிருந்தது. ஆயினும் வாங்கியோர் பலர் அதனையே தம் எண்ணாகக் கொண்டனர். 1943 இல் மட்டும் 5,755 பேர் அவ்வெண்ணைப் பயன்படுத்தினர். காலப்போக்கில் அத்தொகை 40,000 ஐக் கடந்தது. எண்ணை அறிந்திருத்தல் வேறு, எண்ணுக்கு உரியவராதல் வேறு என்னும் உண்மையை இந்நிகழ்ச்சி அன்றே உணர்த்தியது. உணர்ந்தார் சிலரே.

பெயர் பிறர் அழைத்தற்குரியது. திறவுகோல் மறைத்துக் காத்தற்குரியது. ஒன்றே இரண்டுமாதல் பொருந்தாது. வங்கியும் கடன் நிறுவனமும் எண்ணைக் கூறியவரை அதற்கு உரியவராகவே ஏற்கத் தொடங்கியபோது பெயர் திறவுகோலாயிற்று. அதன் விளைவே அந்நாட்டில் பெருகிய ஆள்மாறாட்டக் குற்றம். அதனைத் தடுக்க 1998 இல் தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது.

எண்ணின் அமைப்பும் குற்றத்திற்குத் துணைநின்றது. கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், பிறந்த நாளும் மாநிலமும் அறியின் எண்ணின் பெரும்பகுதியை ஊகித்தல் கூடும் என 2009 இல் நிறுவினர். 1988 க்குப் பின் பிறந்தோருள் 44 விழுக்காட்டினர்க்கு முதல் ஐந்து இலக்கங்களை ஒரே முயற்சியில் கணித்தனர். எஞ்சிய நான்கே ஊகித்தற்கு அரியன; தொலைபேசியில் பேசுவோரை அறிதற்கு நிறுவனங்கள் வழக்கமாகக் கேட்டுவந்தனவும் அந்நான்கே. 2011 ஆம் ஆண்டு சூன் 25 முதல் நிலக்குறிப்பு நீக்கப்பட்டு, புதிய எண்கள் ஒழுங்கின்றி வழங்கப்பெறுகின்றன. இலக்கண நெறியிற் கூறின், காரணக்குறி இடுகுறியாயிற்று. ஆனால், முன்னர் வழங்கிய எண்கள் மாறவில்லை. 2017 இல் ஈக்குவிபாக்சு என்னும் கடன்விவர நிறுவனத்தினின்று 14 கோடிக்கு மேற்பட்டோரின் எண்கள் களவுபோயின. களவுபோன பூட்டை மாற்றலாம். வாழ்நாள் முழுதும் பற்றிய பெயரை மாற்றுதல் எளிதன்று.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். ஒரு பயனுக்கு இடப்பட்ட எண், எவரும் தீய எண்ணம் கொள்ளாதவிடத்தும், சிக்கனம் என்னும் ஒன்றனாலேயே பல பயனுக்கும் பரவும். பரவியபின் இயற்றும் சட்டம் பழைய வழக்கிற்கு இடங்கொடுத்தே இயற்றப்படும். அடையாளத்தையும் சான்றையும் ஒன்றாகக் கொள்வதே பெருந்தீங்கிற்கு வாயிலாகும். 1946 இல் அட்டையடியில் அச்சிட்ட தொடர் உண்மையையே உரைத்தது. அதனைக் காக்கும் ஆற்றல் சட்டத்திற்கு உரிய காலத்தில் அளிக்கப்படாமையே அவ்வரலாற்றின் குறை என்க.