இருட்டில் யார் திருடன்? 1977 நியூயார்க் மின்தடையும் ஒரு கறுப்பின இளைஞனும்

1977 சூலை 13, புதன்கிழமை. நியூயார்க் நகரம் கடும் வெக்கையில் புழுங்கிக்கொண்டிருந்தது. இரவு 8.37 மணிக்கு, நகருக்கு வடக்கே ஹட்சன் ஆற்றங்கரையில் இருந்த புக்கானன் துணை மின்நிலையத்தில் மின்னல் தாக்கியது. அடுத்தடுத்து விழுந்த மின்னல்களால் நகருக்கு மின்சாரம் கொண்டுவரும் உயரழுத்தத் தடங்கள் ஒவ்வொன்றாகத் துண்டிக்கப்பட்டன. மின் விநியோக நிறுவனமான கான் எடிசனால் நிலைமையைச் சமாளிக்க முடியவில்லை. 9.36 மணிக்கெல்லாம் ஏறத்தாழ நகரம் முழுவதும் இருண்டது. எல்லா இடத்திலும் வெளிச்சம் திரும்ப 25 மணி நேரம் ஆயிற்று.

அந்த இரவை உலகம் 'கொள்ளை இரவு' என்றே நினைவில் வைத்திருக்கிறது. 1,616 கடைகள் சூறையாடப்பட்டன அல்லது சேதமடைந்தன. 1,037 இடங்களில் தீ. 3,776 பேர் கைது. நகர வரலாற்றில் அதுவரை காணாத அளவுக்கு ஆட்களைப் பிடித்ததால் அடைத்துவைக்க இடமில்லை. மனிதர் வாழத் தகுதியற்றது என்று நீதிமன்றம் சொன்னதால் 1974இல் மூடப்பட்ட 'டூம்ஸ்' சிறையையே மறுபடி திறந்து அதில் தள்ளினார்கள். டூம்ஸ் என்றால் கல்லறைகள் என்று பொருள். பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் புவேர்ட்டோ ரிக்கர்களும். அவர்களை விலங்குகள் என்று எழுதவும் பேசவும் ஆட்கள் இருந்தார்கள்.

பிறப்பை வைத்து ஒரு கூட்டத்தையே திருடர் என்று முத்திரை குத்துவது நமக்குப் புதிதல்ல. 1871இல் வெள்ளையன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் எத்தனை சமூகங்களைக் கைரேகை வைக்கச் சொல்லி ஊரோடு கட்டிப்போட்டது என்பதை நாம் அறிவோம். அதனால்தான் அமெரிக்காவின் இந்தப் பழைய இருட்டை நாம் கொஞ்சம் கிளறிப் பார்க்க விரும்புகிறோம்.

முதலில் ஒரு கேள்வி. 1965 நவம்பர் 9 அன்றும் இதே நகரம் இருண்டது. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியும் கனடாவின் ஒரு பகுதியும் சேர்ந்து 3 கோடிப் பேர் இருட்டில் கிடந்தார்கள். அப்போது பெரிய சூறையாடல் எதுவும் நடக்கவில்லை. அது குளிர் காலம், மாலை நேரம், கடைக்காரர்கள் கடையிலேயே இருந்தார்கள் என்று காரணம் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அது மட்டும்தானா? இடைப்பட்ட 12 ஆண்டுகளில் என்ன நடந்தது?

பிராங்க்ஸைப் பாருங்கள். 1930களிலேயே அரசு அமைப்பு ஒன்று நகர வரைபடங்களில் கறுப்பர்கள் வாழும் பகுதிகளைச் சிவப்பு மையால் குறித்து, இங்கே வீட்டுக் கடன் கொடுப்பது ஆபத்து என்றது. நம் ஊர்களில் சேரிக்கும் ஊருக்கும் நடுவே இருக்கும் கோட்டை அங்கே மையால் போட்டார்கள், அவ்வளவுதான். பிறகு ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி, பிராங்க்ஸின் நெஞ்சைப் பிளந்துகொண்டு விரைவுச்சாலை போட்டார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்தன. வசதி உள்ளவர்கள் புறநகருக்குப் போனார்கள். 1975இல் நகராட்சி திவாலாகும் நிலைக்கு வந்தபோது ஆசிரியர்களையும் தீயணைப்பு வீரர்களையும் வேலையிலிருந்து நீக்கினார்கள். தீயணைப்பு நிலையங்களை மூடினார்கள். நூறாண்டுக்கும் மேலாக இலவசமாகப் படிப்பு தந்த நகரப் பல்கலைக்கழகத்தில் 1976இல் கட்டணம் புகுத்தினார்கள். கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கப் பிள்ளைகள் பெரும் எண்ணிக்கையில் உள்ளே வரத் தொடங்கிய சில ஆண்டுகளில்தான் கதவு இப்படிச் சாத்தப்பட்டது. வெளிச்சம் 1977இல் ஒரு நாள் போனது. இவையெல்லாம் அதற்கு முன்பே போய்விட்டன.

அந்த இரவில் பிராங்க்ஸின் ஒரு பூங்காவில் கர்ட்டிஸ் ஃபிஷர் என்ற பதின்ம வயதுப் பையன் தன் கூட்டாளியோடு இசைத்தட்டுப் பெட்டிகளை வைத்துப் பாட்டு போட்டுக்கொண்டிருந்தான். பின்னாளில் கிராண்ட்மாஸ்டர் காஸ் என்று அறியப்பட்டவர் இவர்தான். மின்சாரம் எங்கிருந்து? தெருவிளக்குக் கம்பத்திலிருந்து. நம் ஊரில் கொக்கி போடுகிறோமே, அதேதான். திடீரென்று பாட்டு நின்றது. நாம்தான் எதையோ எரித்துவிட்டோம் என்று பையன்கள் பயந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் தெருவே அணைந்துகொண்டிருந்தது.

கடைக் கதவுகள் உடையத் தொடங்கியதும் காஸும் போனார். முன்பு காசு கொடுத்துத் தன் முதல் கருவிகளை வாங்கிய அதே கடைக்குப் போய் ஒரு மிக்சரை எடுத்துவந்தார். இதை அவர் மறைக்கவில்லை, பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். அன்று இரவு பல பையன்கள் கருவிகளை எடுத்தார்கள், மறுநாள் புதிது புதிதாக இசைக்குழுக்கள் முளைத்தன என்றும் சொல்கிறார்.

இதை நாம் கொண்டாடவில்லை. உடைந்த கடைகளில் கறுப்பர்கள், புவேர்ட்டோ ரிக்கர்கள் நடத்திய சிறு கடைகளும் இருந்தன. புரூக்ளினின் பிராட்வே சாலையில் மட்டும் 134 கடைகள் சூறையாடப்பட்டு, அவற்றில் 45 எரிந்தன. எரிந்தது ஏழைகள் வாழும் தெருதான்.

ஆனால், 'ஹிப்ஹாப் இசையே அந்தக் கொள்ளையில்தான் பிறந்தது' என்று சிலர் சுவையாகச் சொல்லும் கதையை நாம் ஏற்க முடியாது. 1973 ஆகஸ்ட் 11 அன்றே, பிராங்க்ஸின் செட்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில், ஜமைக்காவிலிருந்து வந்த கூல் ஹெர்க் தன் தங்கை நடத்திய விருந்தில் அந்த இசைக்கு வித்திட்டுவிட்டார். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்தவர். பிறர் தூக்கி எறிந்த பாகங்களைப் பொறுக்கித் தன் கருவியைத் தானே பொருத்தியவர். இவர்களுடைய அறிவையும் உழைப்பையும் அழித்துவிட்டு ஓர் இரவின் திருட்டை மட்டும் பிறப்புச் சான்றாக எழுதுவது, ஒடுக்கப்பட்டவன் எதையும் தானாக உண்டாக்க மாட்டான் என்ற பழைய ஆணவத்தின் இன்னொரு வடிவம்.

காஸ் அன்று போலீசிடம் சிக்கவில்லை. பிழைத்துக்கொண்டார். கதை இங்கே முடிந்திருந்தால் நாம் இதை எழுதியிருக்கவே மாட்டோம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1979இல், 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற பாட்டு வெளியானது. அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதல் 40 இடங்களுக்குள் நுழைந்த முதல் ராப் பாட்டு அது. பாடிய மூவரில் ஒருவரான பிக் பேங்க் ஹாங்க், பீட்சா கடையில் வேலை செய்துகொண்டே காஸின் குழுவுக்கு மேலாளராக இருந்தவர். பாட வாய்ப்பு வந்ததும் காஸிடம் வரிகள் கேட்டார். நம்ம ஆள்தானே என்று காஸ் தன் நோட்டுப் புத்தகத்தையே நீட்டினார். ஹாங்க் அந்த வரிகளில் எதையும் மாற்றவில்லை. காஸ் தன் மேடைப்பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும் இடத்தைக்கூட அப்படியே பாடிவைத்தார். ஆனால் பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் காஸின் பெயர் இல்லை. தனக்குப் பணமும் வரவில்லை என்று அவர் பலமுறை சொல்லிவிட்டார்.

இப்போது சொல்லுங்கள், யார் திருடன்? பையன் கதவை உடைத்து எடுத்த மிக்சருக்குப் பெயர் கொள்ளை. பையனின் நோட்டிலிருந்து எடுத்த பாட்டுக்குப் பெயர் வியாபாரம். எடுத்தவர்களும் கறுப்பர்கள்தான் என்பது நமக்குத் தெரியும். பறிப்பவனின் நிறத்தையோ சாதியையோ பார்த்து ஏமாந்துவிடக் கூடாது என்பதும் இதிலுள்ள பாடம். யார் கையில் பத்திரம் இருக்கிறதோ அவர் பக்கம் சட்டம் நிற்கிறது.

இதைப் புரிந்துகொள்ள நாம் பிராங்க்ஸ் வரை போக வேண்டியதில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீரின் அறிக்கையை அடுத்து 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்த நிலம், பிறர் பெயரில் பட்டாவாக மாறிக் கிடக்கிறதே! அதை யாரும் கொள்ளை என்று சொல்வதில்லை. கரணையில் அந்த நிலத்தைத் திரும்பக் கேட்ட போராட்டத்தில், 1994 அக்டோபரில், ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். உரிமையைக் கேட்ட அவர்கள் கலவரக்காரர்கள், நிலத்தை எடுத்தவர்கள் உரிமையாளர்கள்!

அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் இதே நியூயார்க்கில், கறுப்பர்களின் ஹார்லெமை ஒட்டித்தான் இருக்கிறது. 1946இல் அவர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலையிலும் உள்ள ஒற்றுமையைச் சுட்டிக்காட்டினார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே கருஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். எங்கிருந்து எடுத்தோம் என்பதை உரக்கச் சொன்னார்கள். கேட்டு எடுப்பதற்கும் பறித்து எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

கிராண்ட்மாஸ்டர் காஸ் பின்னாளில் பிராங்க்ஸ், ஹார்லெம் தெருக்களில் வருவோரை அழைத்துச் சென்று, எது எங்கே நடந்தது என்று தன் வாயாலேயே சொல்லும் வழிகாட்டியானார். அந்த இருட்டில் பிழைத்த பையன், தன் பெயரைத் தானே திரும்ப எடுத்துக்கொண்ட விதம் அது. நம் பிள்ளைகள் இன்று அடிக்கும் பறையும் பாடும் கானாவும் நாளை யாருடைய பெயரில் பதிவாகப் போகிறது? நோட்டுப் புத்தகத்தை நீட்டுவதற்கு முன் அதில் நம் பெயரை எழுதிவைப்போம்.