யாழ் நகரப் பாடசாலைகளின் பெயர்கள்

யாழ்ப்பாண நகரின் பழைய பாடசாலைகள் பலவற்றுக்கு இன்றிருப்பது பிறந்தபோது வைத்த பெயர் அல்ல. 1816இல் வெஸ்லியன் மிஷன் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலையை 1834இல் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் மத்திய பாடசாலை என்றாக்கினார். அதுவே இன்றைய மத்திய கல்லூரி. கன்னங்கரா காலத்து அரசாங்க மத்திய கல்லூரிகளில் ஒன்று என்று பலர் நினைப்பதுண்டு. இது அவற்றுக்கு நூறு ஆண்டு மூத்தது. பக்கத்தில், அதே மிஷனின் பெண்கள் பாடசாலைக்கு வேம்படி என்ற இடத்தின் பெயரே நிலைத்தது.

எனக்குச் சுவையானது இந்துக் கல்லூரியின் கதை. 1886இல் அது 'நேற்றிவ் ரவுண் ஹைஸ்கூல்'. சுதேசிகளின் நகரப் பள்ளி என்று பொருள். 1890இல் சைவ பரிபாலன சபை பொறுப்பேற்றதும் பெயரில் 'இந்து' ஏறியது. மதம் மாறாமலே ஆங்கிலம் படிக்கலாம் என்று பெற்றோருக்கு அந்த ஒரு சொல் சொல்லியது.

1960களின் தொடக்கத்தில் இம்மூன்றும் அரசிடம் போயின, பெயர்கள் போகவில்லை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் கட்டடங்களை விட்டுத் தென்மராட்சிக்குப் போனோம். அங்கே வேறொரு பாடசாலையில் பின்னேர வகுப்பு. இடாப்பில் மட்டும் எங்கள் பாடசாலையின் பெயர்.

பெயர் மாறியதும் உண்டு. ஸ்ரான்லிக் கல்லூரிதான் இன்றைய கனகரத்தினம் மத்திய மகா வித்தியாலயம். எரிந்த, தொலைந்த சான்றிதழுக்குப் பிரதி கேட்பவர்கள் படித்த காலத்துப் பெயரையும் இன்றைய பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.