ஃபேஸ் அன்லாக்: உங்க போட்டோவே போனைத் திறந்துவிடுமா?

சில போன்களில் திறந்துவிடும்! விலை குறைந்த பல ஆண்ட்ராய்டு போன்கள் செல்ஃபி கேமராவை மட்டுமே நம்புகின்றன. அதற்கு முகத்தின் மேடு பள்ளம் தெரியாது.

2017-ல் ஐபோன் எக்ஸில் அறிமுகமான ஃபேஸ் ஐடி வேறு ரகம். 30,000-க்கும் அதிகமான அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் பாய்ச்சி அளவெடுக்கும். கண் திறந்திருக்கிறதா என்றும் பார்க்கும். அதனால, தூங்கும்போது யாரும் உங்க முகத்தைக் காட்டித் திறப்பது கஷ்டம்.

கருவிழி ஸ்கேனர்? அதே 2017-ல் கேலக்ஸி எஸ்8-ஐ, அச்சிட்ட கண் படத்தின் மேல் கான்டாக்ட் லென்ஸ் வைத்து ஏமாற்றிக் காட்டியது ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்.

என்ன செய்யலாம்? உங்க போனில் செல்ஃபி கேமரா மட்டும்தான் என்றால், வங்கி, யுபிஐ ஆப்களுக்கு கைரேகையோ வலுவான பின் நம்பரோ வைங்க. பின் நம்பர் வெளியே தெரிஞ்சா மாத்திக்கலாம்; முகத்தை மாத்த முடியாதே!