மாபெரும் கருந்துளைகளை எடைபோடும் வான் கணக்கெடுப்புகள்

நமது பால்வெளி மண்டலத்தின் மையத்தில், சூரியனைப் போல் ஏறத்தாழ 40 லட்சம் மடங்கு நிறை கொண்ட கருந்துளை உள்ளது. எம்87 விண்மீன் மண்டலத்தின் மையத்தில் இருப்பதோ 650 கோடி சூரியன்களுக்கு நிகரானது. இவை எவ்வாறு இத்தனை பெரிதாயின?

கருந்துளையின் வளர்ச்சி கோடிக்கணக்கான ஆண்டுகள் நீடிப்பதால், ஒன்றை மட்டும் நோக்கி விடை காண இயலாது. வெவ்வேறு வயதில் உள்ள லட்சக்கணக்கானவற்றைக் கணக்கெடுப்பதே வழி.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 2.5 மீட்டர் தொலைநோக்கியுடன் 2000-ம் ஆண்டு பணியைத் தொடங்கிய ஸ்லோன் டிஜிட்டல் வான் கணக்கெடுப்பு இதில் முன்னோடி. தொடக்கத்தில், அலுமினியத் தகடுகளில் துளையிட்டு, ஒவ்வொரு துளையிலும் ஒளியிழையைக் கையால் செருகியே நிறமாலைகள் பதிவு செய்யப்பட்டன. அதன் 2020-ம் ஆண்டுப் பட்டியலில் 7,50,414 குவேசார்கள் இடம்பெற்றுள்ளன. வாயுவை விழுங்கும் கருந்துளையைச் சுற்றி ஒளிரும் விண்மீன் மண்டல மையங்களே குவேசார்கள்.

எடைபோடும் முறை எளிமையானது. கருந்துளையைச் சுற்றி விரையும் வாயுவின் வேகத்தை நிறமாலைக் கோடுகளின் அகலம் காட்டும். மையத்தின் ஒளி கூடிக் குறையும்போது, சற்றுத் தொலைவில் உள்ள அந்த வாயு தாமதமாகவே எதிரொலிக்கும். அந்தத் தாமதம் தொலைவைத் தரும். வேகமும் தொலைவும் தெரிந்தால் நிறையைக் கணக்கிடலாம். 2014 முதல் 849 குவேசார்கள் இவ்வாறு மீண்டும் மீண்டும் கண்காணிக்கப்பட்டன. பிறவற்றின் தொலைவு ஒளிர்வைக் கொண்டே மதிப்பிடப்படுவதால், நிறையில் இரு மடங்குக்கும் மேல் பிழை நேரக்கூடும்.

2021-ல் அறிவிக்கப்பட்ட ஜே0313-1806 என்ற குவேசார்தான் பெரும் புதிர். பிரபஞ்சத்துக்கு 67 கோடி வயதே ஆன காலத்தில் அதன் கருந்துளை 160 கோடி சூரியன்களின் நிறையை எட்டியிருந்தது. இறந்த விண்மீனிலிருந்து தோன்றிய சிறு கருந்துளை அதற்குள் இவ்வளவு வளர்வது கடினம். எனவே, பெரும் வாயுத்திரள் நேரடியாகச் சரிந்து கருந்துளையாகியிருக்கலாம் என்ற கருத்தும் முன்வைக்கப்படுகிறது.

தூசுக்குப் பின்னால் மறைந்திருப்பவற்றையும் எக்ஸ் கதிர்கள் காட்டிக்கொடுக்கின்றன. 2019 ஜூலையில் ரஷ்ய விண்கலத்தில் ஏவப்பட்ட ஜெர்மனியின் ஈரோசிட்டா தொலைநோக்கி, முதல் ஆறு மாதங்களில் கண்டறிந்த சுமார் 9 லட்சம் எக்ஸ் கதிர் மூலங்களில் 7.1 லட்சம் மாபெரும் கருந்துளைகளே. எட்டு முறை முழு வானையும் அளப்பது திட்டம். ஐந்தாம் சுற்று நடந்துகொண்டிருந்தபோது, உக்ரைன் போரை அடுத்து 2022 பிப்ரவரியில் பணி நிறுத்தப்பட்டது.

சிலி நாட்டின் வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. தென் வானின் ஒவ்வொரு பகுதியையும் 10 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 முறை அது படமெடுக்கும். ஆனால் அதில் நிறமாலைமானி இல்லை. அது காணும் கருந்துளைகளை எடைபோடப் பிற தொலைநோக்கிகளின் துணை தேவைப்படும்.