34-ம் நம்பர் ரூம் எங்கே போச்சு?

குத்தாலத்துல ஒரு லாட்ஜுக்கு புக்கிங் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். 30 ரூம், ஒவ்வொண்ணுக்கும் 30 நாள். அரேக்குள்ள அரே. சேவ் அமுக்கினா ஜாவாஸ்கிரிப்ட் மொத்தத்தையும் அஜாக்ஸ் வழியா பிஎச்பிக்கு அனுப்பும். அடுத்த சீசனுக்குப் புதுசா 10 ரூம் கட்டினாங்க. ஜூலை 14 ராத்திரி போன். "தம்பி, 34 காலின்னு காட்டுச்சு, சாவியக் கொடுத்துட்டேன். உள்ள ஆளு இருக்காவ!" கைக்குழந்தையோட ஒரு குடும்பம் சாரல்ல நிக்குதாம்.

டேட்டாபேஸைப் பாத்தா 34-ல் 10-ம் தேதி வரைக்கும்தான் இருக்கு. 33 × 30 = 990, கூட 10. சரியா 1000! ஏன் 1000? அதுக்கு ஒரு வரலாறு இருக்குங்க.

'அஜாக்ஸ்'னு பேர் வெச்சது ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட், 2005 பிப்ரவரியில். (நம்ம மத்தளம்பாறைக்கு 2011-ல வந்த ஜோஹோ, அட்வென்ட்நெட்டா இருந்தப்ப ஜோஹோ ரைட்டரை விட்டதும் அதே 2005-லதான்.) ஆனா ஃபார்ம் டேட்டாவுக்குத் தெரிஞ்சது பெயரும் மதிப்பும் கொண்ட ஜோடி மட்டும்தான். உள்ளடுக்கு தெரியாது. பெயர்லயே சதுர அடைப்புக்குறி போட்டு அனுப்பினா பிஎச்பி அதை அரேயா கட்டிக்கும். 2010 ஜனவரியில் வந்த ஜேக்வெரி 1.4 இந்த முறையையே எடுத்துக்கிச்சு. வசதிதான், ஆனா ஒவ்வொரு மதிப்பும் தனி வேரியபிள். என் கணக்குல 1200!

2011 டிசம்பரில் பெர்லின்ல நடந்த ஹேக்கர் மாநாட்டுல ஒரு குண்டு போட்டாங்க. ஹாஷ் மோதுற மாதிரி பெயர்களைப் பொறுக்கி ஆயிரக்கணக்கில் அனுப்பினா சர்வர் திணறிடும். மருந்தா 2012 ஜனவரியில் பிஎச்பி 5.3.9 ஒரு வரம்பு போட்டுச்சு: 1000 வேரியபிள். அதுக்கு மேல வந்தா வெட்டிடும். லாகுல ஒரு வார்னிங், அவ்வளவுதான். நான் லாகைத் திறந்தே பாக்கல :(

மாற்று வழி அதுக்கு முன்னாடியே ரெடி. 2006-ல வந்த பிஎச்பி 5.2-லயே ஜேசன் டிகோட் இருக்கு. 2009-ல பிரவுசர்களுக்குள்ளயே ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை வந்தாச்சு. அரே முழுசையும் ஒரே ஸ்ட்ரிங்கா மாத்தி அனுப்பினா ஒரே வேரியபிள்தான். 'ஃபால்ஸ்' ஃபால்ஸாவே போய்ச் சேரும். பழைய முறையில அது வெறும் எழுத்தா போகும், பிஎச்பி அதை 'ட்ரூ'ன்னு எடுத்துக்கும்!

விடியறதுக்குள்ள மாத்திட்டேன். 40 ரூமும் வந்துச்சான்னு எண்ணிப் பாத்து, குறைஞ்சா சேவ் பண்ணாதேன்னு ரெண்டு வரியும் சேத்தேன். அந்தக் குடும்பம் அன்னிக்கு மேனேஜர் ரூம்ல படுத்துச்சு. மேனேஜர்? வராண்டாவுல.