ஏரிக்கு எவ்வளவு உப்பு, எவ்வளவு உரம்?

2019 ஜூன் கடைசியில் ஹோபாட்காங் ஏரியில் யாரும் இறங்க வேண்டாம் என்று நியூ ஜெர்சி அரசு அறிவித்தது. பார்சிப்பனிக்காரர்கள் நீந்தவும் படகு விடவும் போகும் ஏரி அது. மாநிலத்திலேயே பெரியது. மோரிஸ் கால்வாய்க்குத் தண்ணீர் வேண்டி 1820களில் அணை கட்டியபோது இரண்டு குளங்கள் ஒன்றாகி உருவானது. அந்தக் கோடையில் தண்ணீர் பச்சைப் பெயிண்ட் கொட்டியதுபோல் ஆகிவிட்டது. பார்த்தால் பாசிதான். ஆனால் அது சயனோபாக்டீரியா. அதில் சில வகைகள் நஞ்சு சுரக்கும். கரையில் படகு வாடகைக்கு விடுகிறவர்களுக்கு அந்த வருட வியாபாரமே படுத்துவிட்டது.

காரணம் புரிய 1934க்குப் போகலாம். ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு என்ற அமெரிக்க விஞ்ஞானி, கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களின் உடலில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருப்பதைக் கவனித்தார். பின்னாளில் அந்தக் கணக்கு 16-க்கு 1 என்று நிலைத்தது. என் தம்பிக்கு இதை இட்லி மாவை வைத்துத்தான் சொன்னேன்: நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து. உளுந்து தீர்ந்துவிட்டால், அரிசி மூட்டை மூட்டையாக இருந்தும் இட்லி கிடையாது.

ஏரிக்கு எது உளுந்து? சோப்புத்தூள் தயாரிப்பாளர்கள், பாசிக்குக் கார்பன்தான் காரணம் என்று வாதாடினார்கள். அவர்கள் தூளில் பாஸ்பேட் இருந்ததே! 1973-இல் கனடாவின் ஒன்டாரியோவில் டேவிட் ஷிண்ட்லர் குழு, இடுப்பு சிறுத்த 226-ஆம் எண் ஏரியைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும். விமானத்திலிருந்து எடுத்த படத்தில் பாஸ்பரஸ் பாதி மட்டும் பச்சை.

எவ்வளவு வளர்கிறது என்பதோடு கதை முடியவில்லை. யார் வளர்கிறார்கள் என்பதும் மாறும். பாஸ்பரஸ் மிகுந்து நைட்ரஜன் குறைந்தால், காற்றிலிருந்தே நைட்ரஜன் எடுக்கத் தெரிந்த சில சயனோபாக்டீரியாக்கள் முந்திக்கொள்ளும். அவை தண்ணீர்ப்பூச்சிகளுக்கு நல்ல சாப்பாடும் இல்லை. அலாஸ்காவிலும் சைபீரியாவிலும் உறைமண் உருகிப் பிறக்கும் ஏரிகளில் இதே கணக்கை இன்று போட்டுப் பார்க்கிறார்கள். அங்கே பழைய மண்ணிலிருந்து சத்தும் வருகிறது, வெளிச்சத்தை மறைக்கும் பழுப்பு நிறமும் வருகிறது. அதனால் விடை அவ்வளவு சுலபமில்லை.

ஹோபாட்காங்கில் பாஸ்பரஸ் வந்தது செப்டிக் டேங்குகளிலிருந்தும், மழைநீர் அடித்துவந்த மண்ணிலிருந்தும். 2019-இல் மழையும் அதிகம், வெயிலும் அதிகம்.

உங்கள் கராஜில் புல்தரை உர மூட்டை இருந்தால் அதில் அச்சிட்ட மூன்று எண்களைப் பாருங்கள். நடு எண் பாஸ்பரஸுக்கு. 2011-இல் வந்த நியூ ஜெர்சி சட்டத்தால் அது பெரும்பாலும் 0 ஆகத்தான் இருக்கும்.