ஓராண்டு அவகாசம், பத்து வார அவகாசம்

கொலம்பியாவின் நெவாதோ தெல் ரூயிஸ் எரிமலை 1984 நவம்பரிலேயே குமுறத் தொடங்கிவிட்டது. பெரிதாக வெடித்தது 1985 நவம்பர் 13 இரவில். பிலிப்பைன்ஸின் பினதூபோ 1991 ஏப்ரல் 2 அன்று ஆவியைக் கக்கித் தன் இருப்பை உணர்த்தியது. ஜூன் 15 அன்று வெடித்தது. முதல் மலை ஓராண்டு அவகாசம் தந்தது. இரண்டாவது தந்தது பத்து வாரம். பினதூபோ கக்கிய சாம்பலும் கல்லும் ரூயிஸ் கக்கியதைப்போல நூறு மடங்குக்கும் மேல். ஆனால் ரூயிஸில் மாண்டவர்கள் ஏறத்தாழ 23,000 பேர். பினதூபோவில், முகாம்களில் நோயால் இறந்தவர்களையும் சேர்த்தால்கூட ஆயிரத்தைத் தொடவில்லை.

பூமிக்கடியில் இரண்டுக்கும் கதை ஒன்றுதான். கடலடித் தட்டு இன்னொரு தட்டுக்குக் கீழே செருகும்போது, அதோடு இறங்கும் நீர் மேலே உள்ள பாறையை எளிதில் உருக வைக்கிறது. உருகிய குழம்பு வாயுவைச் சுமந்துகொண்டு மேலேறுகிறது. வித்தியாசம் உச்சியில் இருந்தது. 5,300 மீட்டருக்கு மேல் நிற்கும் ரூயிஸின் தலையில் பனிப்பாறை. வெடிப்பின் சூட்டில் அதில் பத்தில் ஒரு பங்குதான் உருகியது. அதுவே போதுமானதாக இருந்தது.

உருகிய நீர் சாம்பலையும் பாறையையும் அள்ளிக்கொண்டு லகுனில்லா ஆற்றுவழியே இறங்கியது. 70 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ஆறு மலையைவிட்டு வெளியேறும் இடத்தில் அர்மேரோ என்ற பருத்தி ஊர். 1595லும் 1845லும் இதே வழியில் சேறு வந்திருக்கிறது; ஊர் நின்றதே அந்தப் பழைய சேற்றின் மேல்தான். 1985 அக்டோபரில் தயாரான அபாய வரைபடமும் அர்மேரோவைச் சேற்றின் பாதையில்தான் காட்டியது. ஆகவே இதை ‘அறிவியல் இல்லாததால் வந்த வினை’ என்று எழுதுவது தவறு. வரைபடம் இருந்தது. அதைப் பார்த்து ‘கிளம்புங்கள்’ என்று சொல்லும் வாய்தான் இல்லை. வெடிக்காமல் போனால் வீண் செலவு, வீண் பழி என்ற தயக்கம் ஒரு பக்கம். மறுபக்கம், வெடிப்புக்கு ஒரு வாரத்துக்கு முன்புதான் தலைநகரில் கெரில்லாக்கள் நீதிமன்ற மாளிகையைக் கைப்பற்றி நாட்டையே உலுக்கியிருந்தார்கள்.

நவம்பர் 13 மாலையே ஊரில் சாம்பல் தூறியது. பதறாமல் வீட்டிலேயே இருங்கள் என்றார்கள். இரவு 9 மணிக்கு மேல் பெரிய வெடிப்பு, 11.30 மணி வாக்கில், மின்சாரம் போன இருட்டில், சேறு ஊருக்குள் வந்தது. நடுவில் கிடைத்த நேரத்தில் பக்கத்து மேட்டுக்கு நடந்தே போயிருக்கலாம். ஆனால் 29,000 பேரில் 20,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மீட்பும் அப்படித்தான். இடிபாட்டு நீரில் சிக்கிய 13 வயதுச் சிறுமி ஒருத்தி மூன்று நாள் கழுத்தளவு நீரில் பேசிக்கொண்டே இருந்தாள். நீரை இறைக்க உருப்படியான பம்பு வந்து சேரவில்லை.

அர்மேரோவின் அதிர்ச்சியில்தான் அமெரிக்க நிலவியல் ஆய்வகம் 1986இல் எரிமலை அவசர உதவிக் குழு ஒன்றை அமைத்தது. பினதூபோவுக்கு வந்து பிலிப்பைன்ஸ் எரிமலை, நிலநடுக்க ஆய்வு நிறுவனத்தோடு கைகோத்தது அந்தக் குழுதான். சுமார் 500 ஆண்டுகள் தூங்கிய மலை. அது எரிமலை என்பதையே அக்கம்பக்கத்தில் பலர் நம்பவில்லை. அவர்களை அசைத்தது கருவிகளின் கோடுகள் அல்ல, ஒரு வீடியோ. எரிமலை ஆய்வாளர்களான மொரீஸ், காத்தியா கிராஃப்ட் தம்பதியின் படப்பிடிப்பில் உருவான அந்தப் படம், எரிமலை என்னவெல்லாம் செய்யும் என்பதைக் கண்ணெதிரே காட்டியது. (பினதூபோ வெடிப்பதற்கு 12 நாள் முன்பு, ஜப்பானின் உன்சென் எரிமலையில் அந்தத் தம்பதியே மாண்டார்கள்.) கூடவே ஐந்து படிகளில் எச்சரிக்கை, எந்தப் படியில் யார் கிளம்ப வேண்டும் என்ற தெளிவு. பல்லாயிரம் பேர் முன்கூட்டியே நகர்ந்தார்கள். ஜூன் 10 அன்று கிளார்க் விமானத் தளமும் காலியானது. மலையடியில் அமெரிக்காவின் அவ்வளவு பெரிய தளம் இல்லாமல் ஐத்தா பழங்குடியினர் மட்டும் இருந்திருந்தால் இத்தனை கருவிகள் இத்தனை விரைவில் வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

வெடித்த அன்றே யூன்யா புயலும் வந்தது. மழையில் ஊறிக் கனத்த சாம்பல் கூரைகளை அமுக்கியது. அன்றைய சாவுகளில் பெரும்பங்கு அதனால். முகாம்களில் தட்டம்மை பரவி ஐத்தா குழந்தைகளைக் கொண்டுபோனது. சாம்பலுக்குத் தப்பியவர்கள் தடுப்பூசி இல்லாமல் மாண்டதை வெற்றிக் கணக்கில் சேர்க்க முடியாது. கந்தகப் புகை வானேறி உலகையே ஏறத்தாழ அரை டிகிரி குளிர்வித்தது ஓரிரு ஆண்டில் அடங்கிவிட்டது. ஆனால் சேறு அடங்கவில்லை. ரூயிஸில் பனி செய்ததை இங்கே ஆண்டுதோறும் பருவமழை செய்தது. 1995இல் பகோலோர் நகரம் புதைந்தது.

அர்மேரோவை யாரும் திரும்பக் கட்டவில்லை. பகோலோரின் சான் கில்லெர்மோ தேவாலயம் பாதி உயரத்துக்கு மண்ணில் மூழ்கி நிற்கிறது. ஒருகாலத்தில் சன்னலாக இருந்த திறப்புகளே இன்று அதன் வாசல்கள்.